விவசாயம் என்று எழுதிய பாட்டில்

1

இந்தக் கதை எனக்குத் துணி காயப்போடும்போது கிடைத்தது. எங்கள் மாடியில் நின்றால் எதிர்வீட்டுக் கலைவாணியின் சமையலறை முக்கால்வாசி தெரியும். நான் பார்ப்பதற்காக நிற்பதில்லை. வெயில் அந்த மூலையில்தான் விழுகிறது. அன்று அவள் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பாட்டிலைக் கேன் குழாய்க்கு அடியில் பிடித்து, விளிம்புவரை நிரப்பி, மூடியைத் திருகி, துப்பட்டாவால் துடைத்துப் பளபளப்பாக்கி, வாசலில் காத்திருந்த பெண்ணிடம் கொடுத்தாள். அந்தப் பெண் கேட்டது போர் தண்ணீர். இவள் கொடுத்தது கேன் தண்ணீர்.

இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டால் யாரிடமாவது சொன்னால்தான் எனக்குச் சோறு இறங்கும். கிளம்பினேன். ஆனால் போன வீட்டிலெல்லாம், "ஆமா, நானும் அத்தத்தான் குடுத்தேன்" என்றார்கள். தெருவுக்கே தெரிந்த செய்தியைத் தெருவில் எப்படிச் சொல்வது? வேறு வழியில்லாமல் உங்களிடம் வந்திருக்கிறேன்.

தொடங்கிப் பார்த்தேன்.

செம்பரம்பாக்கம் ஏரியின் மேல் விடியற்காலைப் பனி மெல்ல இறங்கி

(நிறுத்திவிட்டேன். விடியற்காலையில் நாங்கள் யாரும் ஏரியைப் பார்ப்பதில்லை. மோட்டார் ஏர் பிடித்திருக்கிறதா என்று பார்ப்போம்.)

நிலத்தடி நீரின் தரம் என்பது அது தங்கியிருக்கும் பாறையையும் மண்ணையும், அதற்கு மேலே குடியிருக்கும் மனிதர்களின் பழக்கங்களையும் பொறுத்து

(உண்மையான வாக்கியம். ஆனால் எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. படிக்கும் உங்களை யோசித்தேன்.)

தாயம்மா ஒரு பொய்

(இது வேண்டவே வேண்டாம். இப்படித் தொடங்கினால் அவளைக் கூண்டில் ஏற்றி நிறுத்திவிட்டுத்தான் நீங்கள் மேலே படிப்பீர்கள்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அழகாகத் தொடங்கத் தெம்பில்லை.

2

பூந்தமல்லியைத் தாண்டி, ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு. ஏரித் தண்ணீர் எங்களைக் கடந்து நகரத்துக்குப் போகிறது. நாங்கள் கேன் வாங்குகிறோம். இதைப் பற்றிக் கோபமாக ஒரு பக்கம் எழுதலாம் என்றுதான் இருந்தேன். கோபப்படுவதற்கும் சாப்பிட்டுவிட்டு உட்கார வேண்டியிருக்கிறது. எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, தலைக்கு ஊற்றினால் முடி தேங்காய் நாராகிவிடும். பக்கெட்டின் உள்பக்கத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல் படிந்திருப்பதைத் தேய்த்துத் தேய்த்தே எங்கள் பெண்களுக்குத் தோள்பட்டை வலி.

வாசலில் காத்திருந்த அந்தப் பெண் அருள்மொழி, ஆவடியிலிருந்து வந்தவள். கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி செய்கிறாள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தத் தண்ணீர் குடிக்க ஆகும், எது பயிருக்கு ஆகும் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. தோளில் ஒரு பை நிறையக் காலி பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒட்டிய தாளில் வீட்டுக்காரர் பெயரும், அதற்குக் கீழே 'குடிநீர்' அல்லது 'விவசாயம்' என்றும் எழுதியிருக்கும்.

அதற்கு ஒரு முறை உண்டு. மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட வேண்டும். குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் போனபிறகு, புதிதாக வருகிற தண்ணீரிலேயே பாட்டிலை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். இதை அவளே தன் கையால் செய்யத்தான் வந்தாள். ஆனால் எங்கள் தெருவில் மோட்டார் என்பது வீட்டுக்குப் பின்னால், குளியலறையை ஒட்டி இருக்கும்.* முன்பின் தெரியாத படித்த பெண்ணை அதுவரை யார் விடுவார்கள்?

"குடு பாப்பா, நான் புடிச்சாந்து தர்றேன். நீ ஃபேனாண்ட குந்து" என்று எல்லா வீட்டிலும் ஒரே வசனம்.

(* துவைக்காத துணியும் அங்கேதான் கிடக்கும். என் மாடியிலிருந்து எல்லோருடையதும் தெரியும். அதற்குமேல் சொல்லமாட்டேன்.)

வாசலேறி வந்தவர் கையில் நாங்கள் போர் தண்ணீர் கொடுப்பதில்லை. கேன் காலியாகிக் கிடந்தால் பக்கத்து வீட்டில் ஒரு சொம்பு வாங்கியாவது கேன் தண்ணீர்தான் கொடுப்போம். யாரும் போட்ட சட்டம் இல்லை. ஊசிப்போன குழம்பை விருந்தாளி இலையில் ஊற்றமாட்டோம் இல்லையா, அப்படி.

கலைவாணியிடம் கேட்டேன். "ஏன்டி, அவ குடிக்கவா கேட்டா? டெஸ்ட்டுக்குத்தானே கேட்டா?"

"அத்தொட்டுதான்க்கா! நாலு பேரு வெளிச்சத்துல புடிச்சிப் பாக்கப்போற தண்ணி. மேல எம்பேரு வேற எய்திக்கீது. அந்த மஞ்சத் தண்ணிய அனுப்பி என் மானத்த வாங்க சொல்றியா?"

(நான் மாடிக் குடித்தனம். எனக்கென்று போர் இல்லாததால் என்னிடம் யாரும் பாட்டில் நீட்டவில்லை. நீட்டியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்ற கேள்விக்கு இந்தக் கதையில் இடமில்லை.)

3

இப்போது தாயம்மா. இவளுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

தெருக்கோடியில் அவள் வீடு. அதற்குப் பின்னால், ஒரு கிடங்கின் மதிலுக்கும் மனைக்கல் நட்ட காலி இடத்துக்கும் நடுவில் குத்தகைக்கு எடுத்த சின்னக் கழனி. அரைக்கீரை, சிறுகீரை, கொஞ்சம் மணத்தக்காளி. கழனிக்கு ஒரு போர். முன்பு ஊரார் கழனிகளில் கூலிக்கு நாற்று நட்டவள். அந்தக் கழனிகள் மனைகளாகிவிட்டன. கூட நட்டவர்கள் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். இவள் போகவில்லை. "எனுக்கு கூரைக்கு கீய நின்னுகினே வேல செய்ய வராது" என்பாள்.

தெருவிலேயே அவள் பாட்டிலில் மட்டும்தான் 'விவசாயம்' என்று எழுதியிருந்தது. அதைக் கழனிப் போரில் பிடித்திருக்க வேண்டும். உச்சி வெயில். அப்போதுதான் சோற்றில் கைவைத்திருந்தாள். அருள்மொழியை நிழலில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனவள், போன வேகத்திலேயே நிரம்பிய பாட்டிலோடு திரும்பி வந்தாள்.

"கழனியில எடுத்ததுதானேம்மா?"

"ஆங், ஆங், அதான். உன் மூஞ்சியப் பாரு, செவந்து பூட்ச்சி. மோர் குடிக்கிறியா?"

இந்த இடத்தில் தாயம்மாவின் மனத்துக்குள் புகுந்து இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். 'அவள் நெஞ்சில் ஏதோ உறுத்தியது' என்றுகூட ஒரு வரி. அடித்துவிட்டேன். எதுவும் உறுத்தியிருக்காது. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

4

வீட்டுக்கொரு தாளாக முடிவுகள் வந்தன. குடிக்க: மிக நன்று. விவசாயத்துக்கு: மிக நன்று.

தெரு பெருமைப்பட்டது. கேன் போடும் பஷீருதீன் பாய்தான் முதலில் சிரித்தவர். "இன்னா கலைவாணிம்மா, உங்க ஊட்டுத் தண்ணி அவ்ளோ நல்லா கீதாமே? இனிமே நான் வரவா, வேணாவா?"

"பாய், நீங்க கேன எறக்குங்க. பேச்சு அப்பால."

(பஷீருதீனை இந்தக் கதையின் வில்லனாக்கிப் பார்த்தேன். தண்ணீர் விற்கிறவர், மீசை இருக்கிறது, வசதியாக இருந்தது. ஆனால் மனிதர் ரமலான் நோன்பில் நாவறள, மற்றவர்கள் குடிக்கத் தண்ணீர் சுமந்து மாடியேறி என் சமையலறைவரை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவர். வில்லத்தனம் ஒட்டவில்லை. உரித்துவிட்டேன்.)

பெருமைக்குப் பின்னால் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, மோசமான தண்ணீர் உள்ள தெருக்களுக்கு முதலில் ஏரித் தண்ணீர்க் குழாய் போடுவதாக அதிகாரிகள் இருந்தார்கள். 'மிக நன்று' வாங்கிய தெருவுக்கு எதற்கு அவசரம்? எங்களை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள்.

இரண்டாவது தாயம்மாவுக்கு நடந்தது. புறவழிச்சாலை ஓரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே கீரைக்காரர்களைக் கேட்டுக்குள் விடமாட்டார்கள். சாக்கடைத் தண்ணீரில் விளைந்ததாக இருக்கும் என்று பயம். தாயம்மா அந்தத் தாளை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினாள். படித்தார்கள். உள்ளே விட்டார்கள். சனிக்கிழமைதோறும் கார் நிறுத்துமிடத்து நிழலில் அவளுக்கு ஒரு நாற்காலி. வெயில் ஏறுவதற்குள் கூடை காலி. அதுவரை பூந்தமல்லி ரோட்டோரத்தில், போலீஸ்காரர் வந்தால் கூடையோடு எழுந்து ஓடியவள் அவள்.

"குந்தறதுக்கு சேரு போடறாங்கமே" என்று என்னிடம் சொன்னாள். நாற்காலியைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

5

அருள்மொழிக்கு ஒரு காதலன் வைக்கலாமா என்று இந்த இடத்தில் யோசித்தேன். எழுதுவது அலுத்துப்போகும்போது காதலைக் கொண்டுவருவது வழக்கம். ஆனால் அவள் திரும்பி வந்த கோலத்தைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. தூங்காத கண், அதே பை, புதிய காலி பாட்டில்கள்.

வெவ்வேறு ஆழத்தில் தோண்டிய போர்கள். தண்ணீர் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல் எப்படி இருக்கும் என்று அவளுடைய பேராசிரியர் கேட்டிருக்கிறார். அவள் நேராகக் கலைவாணி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, எனக்குக் கோபம் இல்ல. சொல்லுங்க. எதுல புடிச்சீங்க?"

கலைவாணி கூரையைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "கேன்லதான் கண்ணு. உன் கைல எப்டி அந்தத் தண்ணிய குடுக்கறது?"

"அந்தத் தண்ணியத்தான் ஆன்ட்டி கேட்டேன்!"

"தோ, நீ கேப்ப. குடுக்கற எனக்கு மருவாதி வேணாமா?"

அருள்மொழி முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன் (கொத்தமல்லி வாங்கப் போகிற சாக்கில் நானும் அங்கே நின்றிருந்தேன்). சிரித்துக்கொண்டிருந்தாள். அழுவதற்கும் அலுத்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

மறுபடியும் எடுக்க வேண்டும் என்றாள். தண்ணீர் மோசம் என்று தெரிந்தால் தெரு மறுபடி வரிசையில் முன்னுக்கு வரலாம் என்றும் சொன்னாள். அவ்வளவுதான். மானத்துக்காக நல்ல தண்ணீர் கொடுத்த அதே தெரு, குழாய்க்காகக் கெட்ட தண்ணீர்ப் போட்டியில் இறங்கிவிட்டது.

"எங்க ஊட்டுதுதான் ரொம்ப மோசம், எங்க ஊட்ல மொதல்ல எடு."

"போடி, எங்க குண்டானப் பாத்துக்கீறியா நீ? அடில கல்லே கெட்டிக்கீது!"

கலைவாணி அருள்மொழியின் காதருகில் குனிந்து, தெருவுக்கே கேட்கும்படி ரகசியமாகக் கேட்டாள்: "ஏன் பாப்பா, ரெண்டு புடி கல்லுப்பு கலந்துட்டா இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்துடுவோமா?"

"நானே வந்து நானே புடிக்கறேன் ஆன்ட்டி. உங்க பாத்ரூம் எப்படி இருந்தாலும் பரவால்ல."

தாயம்மா மட்டும் இந்தப் போட்டியில் சேரவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் கூடையை இடுப்பில் வைத்து நின்றாள். அருள்மொழி அவளிடம் தானாகவே போனாள். நானும் ஓர் அடி நகர்ந்து நின்றேன். காது கேட்க வேண்டாமா?

"நீங்க குடுத்ததும் கழனித் தண்ணி இல்லையாம்மா?"

"இல்ல."

"கட்டாயம் எதுவும் இல்லம்மா. வேணாம்னா உங்க கழனிய விட்டுடறேன். பழைய ரிசல்ட்ட மட்டும் என் கணக்குலேர்ந்து எடுத்துடுவேன். உங்க கைல இருக்கற பேப்பரப் புடுங்க மாட்டேன். அது உங்க இஷ்டம்."

"தண்ணி எடுத்தா இன்னா வரும்?"

"தெரியாதும்மா. உப்பு அதிகமா இருக்கலாம். இருந்தா அதத் தாங்கற பயிர் போடலாம், பாலக் தாங்கும். மண்ணுக்கு ஜிப்சம் போட்டுப் பாக்கலாம். வேற ஏதாச்சும் கலந்திருந்தா..." பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "தெரிஞ்சாத்தாம்மா ஏதாவது பண்ண முடியும்."

"அரைக்கீரை கேக்கறவங்க கைல பாலக்க குடுக்க சொல்ற" என்றாள் தாயம்மா.

ஆக, வாசகரே, விஷயம் இவ்வளவுதான். உண்மைத் தண்ணீர் பாட்டிலில் ஏறினால் தாயம்மாவின் நாற்காலி போகக்கூடும். ஏறாவிட்டால் பொய்த் தாளைப் பிளாஸ்டிக் உறையோடு சனிக்கிழமைதோறும் அவள் சுமக்க வேண்டும். எனக்கு என்ன வந்தது என்கிறீர்களா? கதை நின்றுபோய்விட்டதே, அதுதான் வந்தது.

6

முடிவு தெரியாமல் மூன்று முடிவுகள் எழுதினேன். எழுதியதை எடுத்துக்கொண்டு சாயங்காலம் கழனிக்குப் போனேன். தாயம்மா களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே, வழி தவறி வந்துட்டியா?"

"உன்ன வெச்சி ஒரு கதை எழுதறேன்க்கா."

"தெரியும். கலைவாணி சொன்னா. அவ கிச்சனையும் எய்திட்டியாமே." நிமிராமலே சொன்னாள். "சரி, படி. கைதானே வேல செய்யுது. காது சும்மாதான் கீது."

முதல் முடிவைப் படித்தேன். அருள்மொழி தண்ணீர் எடுக்கிறாள். ஆச்சரியம்! கழனித் தண்ணீர் உண்மையிலேயே மிக நன்று. தாயம்மா தலை நிமிர்ந்து

"நிறுத்து. இன்னா கதை உடற?" ஓர் அரைக்கீரைத் தண்டைப் பிடுங்கி நீட்டினாள். இலையின் ஓரமெல்லாம் நெருப்பில் காட்டியதுபோல் கருகியிருந்தது. பிறகு வரப்பைக் காட்டினாள். மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. "இது இன்னா, மார்கயி கோலமா? ரெண்டு போகமா இப்டித்தான் கீது. ஓரத்த கிள்ளிட்டுத்தான் கட்டு கட்டறேன்."

இரண்டாவது. தாயம்மா மோட்டார் அறையைப் பூட்டிவிட்டு, மோட்டார் காயில் எரிந்துவிட்டது என்று அருள்மொழியைத் திருப்பி அனுப்புகிறாள்.

"ம். அந்தப் பொண்ணு விடாது. அடுத்த வாரம் வரும். அப்பவும் காயில் எரிஞ்சிதுன்னு சொல்லணும். எத்தினி காயில்மே எரியும் எனுக்கு? நீ எய்திட்டு தூங்கப் பூடுவ. நான் இல்ல தினம் எரியவெக்கணும்."

மூன்றாவதில் எனக்கு நம்பிக்கை இருந்தது. தாயம்மா தானே அந்தக் குடியிருப்புக்குப் போய் நடந்ததைச் சொல்கிறாள். அவளுடைய நேர்மையைக் கண்டு எல்லோரும் நெகிழ்ந்து, முன்பைவிட அதிகமாக

சிரித்த சிரிப்பில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. "அந்த மூணாவது மாடி அம்மா ஒவ்வொரு கட்டையும் மோந்து பாத்துட்டுத்தான் எடுக்கும். அது நெகிய போவுதாமா! நீ அந்தம்மா மூஞ்சப் பாத்துக்கீறியா?"

"பாக்கல."

"பாக்காத எய்தாத." களையைக் கரையில் எறிந்தாள். இன்னொன்றைப் பிடுங்கினாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அந்தம்மா பொண்ணுக்கு கொயந்த பொறந்து கீது. இப்பதான் சோறு ஊட்ட ஆரம்பிச்சிக்கீறாங்க. என் கீரையத்தான் மசிச்சி ஊட்டறாங்களாம். போன வாரம் எங்கைல சொல்லிச்சி. அத்த எதுக்கு எங்கைல சொல்லணும்? வாங்கினமா போனமான்னு இருக்கக் கூடாதா?"

"நீயும் இதத்தானேக்கா சாப்பிடற?"

"நான் துன்றேன். எனுக்கு இன்னா, நான் பொறந்ததுலர்ந்து எல்லாத்தியும் துன்னுட்டேன்."

நான்காவது முடிவுக்குத் தாளில் இடம் விட்டு வீட்டுக்கு வந்தேன்.

7

மறுநாள் காலையிலேயே அருள்மொழி வந்துவிட்டாள். இந்தத் தடவை எல்லா வீட்டுக் குளியலறையையும் பார்த்தாள், துவைக்காத துணி சகிதம். வீட்டுப் பாட்டில்களெல்லாம் நிரம்பின. கலைவாணியின் பாட்டில் லேசாக மஞ்சளாக இருந்தது. அவளே அதைத் தூக்கிப் பிடித்துத் தெருவுக்கே காட்டினாள். சுமக்க முடியாத பெருமை.

கடைசியாகக் கழனி. அருள்மொழி முன்னால், தாயம்மா நடுவில், நான் பின்னால். என்னை யாரும் கூப்பிடவில்லை. போக வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

தாயம்மா மோட்டாரைப் போட்டாள். காயில் எதுவும் எரியவில்லை. குழாய் இரண்டு தடவை கக்கிவிட்டுச் சீராக ஊற்ற ஆரம்பித்தது. தண்ணீர் கால்வாயில் ஓடிப் பாத்திக்குள் புகுந்தது. பார்க்கத் தண்ணீர்போலத்தான் இருந்தது. அதுதானே தொல்லை.

"கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றாள் அருள்மொழி.

நின்றோம். கிடங்குக்குள் ஒரு லாரி பின்னால் நகரும் பீப் சத்தம். தாயம்மா கால்வாயில் கால் வைத்து நின்றிருந்தாள். அருள்மொழி பாட்டிலின் மூடியைத் திறந்தாள். புதுத் தாளில் தாயம்மா பெயர், கீழே 'விவசாயம்'.

"பிடிக்கட்டுமாம்மா?"

"இரு."

என் பக்கம் திரும்பினாள்.

"நீ ஊட்டுக்குப் போ."

"ஏன்க்கா? நான் சும்மாதானே நிக்கறேன்."

"நீ என்னிக்கு சும்மா நின்னுக்கீற? நீ இங்க நின்னா, நான் வேணான்னு சொன்னாலும் சரின்னு சொன்னாலும் உன் கதைக்கு சொன்னாமாரி பூடும். எனுக்காக சொல்லிக்கணும் நானு. போமே."

ஒரு பெண்ணைப் பற்றி இத்தனை பக்கம் எழுதிவிட்டு, அவள் வாயைத் திறக்கிற நேரத்தில் துரத்தப்படுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. வந்துவிட்டேன். கிடங்கு மதிலைச் சுற்றி நடந்து, தெருவுக்குள் நுழைந்து, மாடியேறி உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் இன்னும் கேட்கிறது.

ஆனால் நீங்கள் போக வேண்டியதில்லை. உங்களை அவளுக்குத் தெரியாது. அந்தக் கீரையை நீங்கள் வாங்கியிருந்தாலும், மூன்றாவது மாடியிலேயே குடியிருந்தாலும், இப்போது அவள் கண்ணுக்குத் தெரியமாட்டீர்கள். வரப்போரமாக நில்லுங்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். அருள்மொழி குனிகிறாளா, மூடியைத் திரும்பத் திருகுகிறாளா என்று பாருங்கள்.

பார்த்ததை என்னிடம் வந்து சொல்லிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்டாலும் சொல்லாதீர்கள். எனக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரிந்துவிடும்.